செய்வினையும் செயப்பாட்டுவினையும்: அரியலூர் வட்டாரத்தை ஒட்டிய ஒரு வரலாறு

ஒரு செயலைச் சொல்லும்போது செய்தவரை முன்னிறுத்திச் சொல்லலாம். செயலுக்கு உள்ளான பொருளை முன்னிறுத்தியும் சொல்லலாம். முன்னதைச் செய்வினை என்றும் பின்னதைச் செயப்பாட்டுவினை என்றும் தமிழ் இலக்கணம் கூறுகிறது. ஆங்கிலத்தில் இவை ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் எனப்படும். பள்ளியில் இதைப் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தை இன்னொன்றாக மாற்றும் பயிற்சியாகவே மாணவர்கள் கற்கிறார்கள். ஒன்று முதல் இரண்டு மதிப்பெண் வரை கிடைக்கும். தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். ஆனால் இந்த இரு வாக்கிய அமைப்புகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் சில முக்கியமான இடங்கள் விக்கிரமங்கலம் அமைந்துள்ள அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படை வேறுபாடு

"ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டினான்" என்பது செய்வினை. இதில் ராஜேந்திர சோழன் எழுவாய். கங்கைகொண்ட சோழபுரம் 'ஐ' உருபு ஏற்ற செயப்படுபொருள். "கங்கைகொண்ட சோழபுரம் ராஜேந்திர சோழனால் கட்டப்பட்டது" என்பது செயப்பாட்டுவினை. இங்கே செயப்படுபொருள் எழுவாயாகிவிட்டது. செய்தவன் 'ஆல்' உருபு ஏற்றுப் பின்னே போய்விட்டான். வினையுடன் 'படு' சேர்ந்துள்ளது.

ஆங்கிலத்தில் இதே மாற்றம் நான்கு படிகளில் நடக்கும். செயப்படுபொருள் முன்னே வரும்; காலத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ற 'பி' வினை (இஸ், ஆர், வாஸ், வேர் போன்றவை) வரும்; முதன்மை வினை அதன் மூன்றாம் வடிவத்தைப் பெறும்; செய்தவர் 'பை' என்ற சொல்லுக்குப் பின் வருவார். 'பில்ட்' என்ற இறந்தகால வடிவம் 'வாஸ் பில்ட்' ஆவது இப்படித்தான். செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்கு, அதாவது 'தூங்கு', 'வா', 'சிரி' போன்றவற்றுக்கு, இந்த மாற்றம் ஆங்கிலத்தில் நிகழாது. எழுவாயாக முன்னே கொண்டுவர அங்கே பொருளே இல்லை என்பதுதான் காரணம்.

இரு மொழிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் "அவனுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள்" என்பதை மாற்றும்போது 'அவன்' என்பதையே எழுவாயாக்கி 'ஹி வாஸ் கிவன் எ புக்' எனலாம். தமிழில் அது இயலாது. "அவனுக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது" என்றுதான் வரும். 'கு' உருபு நீங்காது. இந்த ஓர் இடத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மொழிபெயர்ப்பில் பல குழப்பங்கள் தீரும்.

தொல்காப்பியம் கூறுவது

தமிழில் செயப்பாட்டுவினை ஆங்கிலேயர் வந்தபின் தோன்றியது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே 'எனப்படும்' என்ற பொருளுடைய ஒரு செயப்பாட்டு வினையோடுதான் தொடங்குகிறது. 'எனப்படுவது' என்ற ஆட்சி திருக்குறளிலும் உண்டு. வரையறை சொல்லும் இடத்தில், சொல்பவர் யார் என்பது முக்கியமில்லாதபோது, இந்த வடிவம் பண்டைக் காலம் முதலே பயன்பட்டுள்ளது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய எட்டுக் கூறுகளை வரிசைப்படுத்துகிறார். வினை, செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக என்பன அவை. அடுத்து, வழக்கில் இவற்றுள் சில குறைந்து வரலாம் என்றும் கூறுகிறார். அதாவது, ஒரு வாக்கியத்தில் செய்பவன் சொல்லப்படாமலே இருக்கலாம். ஆனால் செயலுக்குச் செய்பவன் ஒருவன் இருந்தே தீர்வான். இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் பின்பகுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

வினையியலில் இன்னொரு வழக்கையும் தொல்காப்பியர் குறிக்கிறார். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் மரபுதான் என்கிறார். யாரோ ஒருவர் மெழுகிய திண்ணையை, அது தன்னைத்தானே மெழுகிக்கொண்டது போலச் சொல்லும் பேச்சை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுகிறார்கள். இன்றும் கடைவீதியில் "இந்த அரிசி நல்லா விக்குது" என்கிறோம். அரிசி எதையும் விற்பதில்லை, கடைக்காரர்தான் விற்கிறார். ஆனாலும் கேட்பவருக்கு ஐயம் எழுவதில்லை.

ஆங்கிலத்திலும் இதற்கு இணையான ஒன்று இருந்தது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டு வரை 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். வீடே கட்டுவது போன்ற அமைப்பு அது. இன்று நாம் கற்பிக்கும் 'இஸ் பீயிங் பில்ட்' என்ற வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அதை அழகற்ற புது வழக்கு என்று கண்டித்த ஆங்கில அறிஞர்களும் இருந்தார்கள். ஆகவே, ஆங்கில இலக்கணம் என்றும் மாறாத ஒரு சட்டம் என்று மாணவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

சோழர் காலம்: வீரசோழியமும் கல்வெட்டுகளும்

கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் வீரசோழியம் என்ற இலக்கண நூலை இயற்றினார். அரசன் பெயரையே நூலுக்குச் சூட்டினார். பெருந்தேவனார் அதற்கு உரை எழுதினார். வடமொழி இலக்கண முறையைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்த நூல் இது. உபகாரகப் படலம், தாதுப் படலம், கிரியாபதப் படலம் என்ற அதன் உட்பிரிவுப் பெயர்களே அதைக் காட்டும். வடமொழியில் செய்பவனைச் சார்ந்த வினை கர்த்தரி பிரயோகம் என்றும், செயப்படுபொருளைச் சார்ந்த வினை கர்மணி பிரயோகம் என்றும் பிரிக்கப்படும். அந்தக் கண்ணாடி வழியாகத் தமிழ் வினைச்சொற்களைப் பார்க்கும் முயற்சி வீரசோழியத்தில் தொடங்குகிறது எனலாம். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் பௌத்தம் வேரூன்றியிருந்ததற்குச் சான்றாகப் பல ஊர்களில் சோழர்காலப் புத்தர் சிலைகள் உள்ளன. விக்கிரமங்கலமும் அவற்றுள் ஒன்று.

இலக்கண நூல்கள் ஒருபுறம் இருக்க, கல்வெட்டுகள் செய்தவரைச் சொல்வதில் காட்டிய கவனம் நம் கருத்தைக் கவர்வது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் பொறித்த ஆணை, தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என்று கொடுத்தவர்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றைக் கல்லில் வெட்டும்படி கூறுகிறது. 'கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவை' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கொடுத்தவர் பெயர் இல்லாமல் கொடை முழுமையடையாது என்பது அக்கால வழக்கு.

அதே ஆணையில் அரசன் தான் கோயிலைக் 'கட்டியதாக'க் கூறவில்லை. 'எடுப்பிச்ச' கோயில் என்கிறான். அதாவது எடுக்கச் செய்தது. இது பிறவினை. கட்டினான் என்பதற்கும் கட்டுவித்தான் என்பதற்கும் தமிழில் தெளிவான வேறுபாடு உண்டு. மண் சுமந்தவரும் கல் அடித்தவரும் வேறு. ஆணையிட்டுப் பொருள் தந்தவர் வேறு. குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் அக்கோயில் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. நாம் மேலே எடுத்துக்காட்டாகச் சொன்ன "ராஜேந்திர சோழன் கட்டினான்" என்ற வாக்கியத்தையும் இந்த அளவுகோலால் பார்த்தால், "கட்டுவித்தான்" என்பதே துல்லியமானது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஹேட் இட் பில்ட்' என்று மூன்று சொற்கள் வேண்டும். தமிழில் 'வி' என்ற ஓர் எழுத்து போதும்.

ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர்

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியும் இதே அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி (1680-1747), நாம் வீரமாமுனிவர் என்று அறியும் அறிஞர், இங்கே பல ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி ஆகியவற்றுடன், பேச்சுத் தமிழுக்கென ஓர் இலக்கணத்தையும் இலத்தீன் மொழியில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் என்று அறியப்படும் அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதற்கு முன்பே சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்திருந்தது.

இவர்கள் இலத்தீன் கற்றவர்கள். இலத்தீனில் செயப்பாட்டுக்கு எனத் தனி விகுதிகளே உண்டு. 'ஆமோ' என்றால் நான் நேசிக்கிறேன். 'ஆமோர்' என்றால் நான் நேசிக்கப்படுகிறேன். இப்படிப்பட்ட வாய்பாட்டுக்குப் பழகிய கண்கள் தமிழில் அதற்கு இணை எது என்று தேடும்போது 'படு' என்ற துணைவினையில் வந்து நின்றன. இங்கே ஒரு பொருத்தம் உண்டு. 'பேசிவ்' என்ற சொல்லுக்கு மூலமான இலத்தீன் வினைக்குத் துன்புறு, தாங்கு என்பது பொருள். தமிழில் 'படு' என்பதற்கும் அதுவே பொருள்: துன்பப்படு, பாடுபடு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உருவகத்தை எட்டியிருக்கின்றன.

1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ராபர்ட் கால்டுவெல் இதை விரிவாக ஆராய்ந்தார். திராவிட மொழிகளில் உண்மையான செயப்பாட்டு வடிவம் இல்லை என்பது அவர் முடிவு. 'படு' தனி வினை. அது விகுதி அன்று என்றார். மக்கள் பேச்சில் வேறு வழிகளே மிகுதி என்பதையும் கண்டார். கட்டுண்டான், அடியுண்டான் என்பவற்றில் வரும் 'உண்', முடிந்தாயிற்று, அழிந்துபோயிற்று என்பவற்றில் வரும் 'ஆயிற்று', 'போயிற்று' ஆகியவை அவ்வழிகள். அடியை உண்பது, உதையைத் தின்பது என்று சொல்லும் மொழி இது. மலையாளத்திலும் தெலுங்கிலும் 'படு'வின் உறவுச் சொற்களே இந்த வேலையைச் செய்கின்றன.

ஆறுமுக நாவலர் (1822-1879) மாணவர்களுக்காக எழுதிய இலக்கணச் சுருக்கம், செய்வினை, செயப்பாட்டுவினை என்ற பிரிவைத் தெளிவான உரைநடையில் வகுத்தது. 'படு' என்பதை அவர் விகுதியாகவே கொண்டார். கால்டுவெல்லும் நாவலரும் ஒரே காலத்தவர். ஒரே சொல்லை இருவரும் இருவேறு விதமாகக் கண்டனர். இப்போதைய ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் படு, உண், ஆயிற்று, போயிற்று போன்றவற்றைத் துணைவினைகளாகக் காட்டிச் செயப்பாட்டுத் தொடரை விளக்குகிறது.

ஆங்கில வகுப்பறையும் அரசு அலுவலகமும்

ஆங்கிலத்தில் வினையை ஆக்டிவ், பேசிவ், நியூட்டர் என்று மூன்றாகப் பிரித்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் 1795இல் வெளிவந்தது. 1835இல் மெக்காலே குறிப்பு, 1854இல் உட் அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் என்ற வரிசையில் ஆங்கிலக் கல்வி தமிழகத்தில் நிலைபெற்றது. 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் 'வாய்ஸை மாற்றுக' என்ற பயிற்சியை இந்தியா முழுவதும் வீட்டுச் சொல்லாக்கியது. இந்தப் பயிற்சியில் ஒரு குறை உண்டு. எப்படி மாற்றுவது என்று அது கற்றுத் தருகிறது. எப்போது மாற்ற வேண்டும், ஏன் மாற்றக் கூடாது என்று கற்றுத் தருவதில்லை.

ஆங்கில ஆட்சியின் கடித நடையில் செயப்பாட்டு மிகுதி. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியபின் அலுவலகக் கடிதங்கள் தமிழுக்கு மாறின. அப்போது வாக்கிய அமைப்பும் கூடவே பெயர்ந்து வந்தது. ஆணையிடப்படுகிறது, தெரிவிக்கப்படுகிறது, கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், பரிசீலிக்கப்படும் என்பன அப்படி வந்தவை. மொழி தமிழாயிற்று, செய்பவர் மட்டும் காணாமல் போனார். "தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது" என்ற கடிதத்தைப் பெறும் ஒரு விவசாயி, நிராகரித்தவர் யார், ஏன் நிராகரித்தார், அடுத்து யாரிடம் போவது என்று அறிய வேண்டாமா?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இந்தக் கோணத்தில் படிக்கலாம். தகவல் தர மறுத்தால் காரணத்தையும், மேல்முறையீட்டு அதிகாரி யார் என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. பொதுத் தகவல் அலுவலர்களின் பெயரையும் பதவியையும் வெளியிட வேண்டும் என்றும் கூறுகிறது. இலக்கண மொழியில் சொன்னால், மறைந்துபோன எழுவாயைத் திருப்பிக் கேட்கும் உரிமை அது.

மருதையாற்று விபத்து: பொறுப்பேற்ற எழுவாய்

1956ஆம் ஆண்டு நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. கனமழையால் ஆற்றில் வெள்ளம் பெருகியிருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழகம் கண்ட மிகக் கொடிய ரயில் விபத்துகளுள் இது ஒன்று.

இதை எந்த வினையால் சொல்வது? "பாலம் இடிந்தது" என்றால் அது தன்வினை, செய்தவரே இல்லை. "பாலம் வெள்ளத்தால் சேதப்படுத்தப்பட்டது" என்றால் வெள்ளம் செய்தது. வெள்ளத்தைக் கேள்வி கேட்க முடியாது. இரண்டுமே பொய்யில்லை. ஆனால் பாலத்தைக் காக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி இரண்டிலும் எழவில்லை.

அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார். அப்போது பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்பதால் அன்று, அரசியல் நெறிக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதாலேயே ஏற்பதாக நேரு விளக்கினார். எழுவாய் இல்லாத ஒரு வாக்கியத்தில் தாமே எழுவாயாக வந்து நின்றவர் சாஸ்திரி. இந்த மண்ணில் நடந்த நிகழ்வு என்பதால் அரியலூர் மாவட்ட மாணவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வரலாறு எழுதும்போது

செயப்பாட்டை எங்கும் தவிர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. "2007இல் அரியலூர் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தில் குறையில்லை. பிரித்தது அரசு என்பது அனைவருக்கும் தெரியும். செய்தவர் தெரியாதபோதும், பாதிக்கப்பட்டவரே முக்கியமானபோதும் செயப்பாட்டே பொருத்தமானது. சில இடங்களில் உண்மைக்கு நெருக்கமானதும் அதுவே.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசையில் உயிரிழந்தனர். இதை மூன்று விதமாக எழுதலாம்.

முதலாவது: குடிசை தீப்பற்றி 44 பேர் இறந்தனர்.
இரண்டாவது: 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.
மூன்றாவது: நிலவுடைமையாளர் தரப்பினர் குடிசைக்குத் தீவைத்து 44 பேரைக் கொன்றனர்.

முதல் வாக்கியத்தில் இருப்பது விபத்து. இரண்டாவதில் கொலை இருக்கிறது. கொன்றவர் சொல்லப்படவில்லை, ஆனால் ஒருவர் இருந்தார் என்பதைக் 'கொல்லப்பட்டனர்' என்ற சொல்லே காட்டிவிடுகிறது. மூன்றாவதில் எல்லாம் வெளிப்படை. செய்தவரை மறைப்பது செயப்பாட்டுவினை என்று ஆங்கில நடை நூல்கள் எச்சரிக்கின்றன. தமிழில் அதைவிட முழுமையாக மறைப்பது 'உடைந்தது', 'எரிந்தது', 'இறந்தனர்' போன்ற தன்வினைகளே. செயப்பாட்டில் செய்தவரின் நாற்காலி காலியாகவாவது தெரியும்; தன்வினையில் நாற்காலியே இல்லை. தொல்காப்பியர் சொன்ன எட்டுக் கூறுகளில் எது குறைந்திருக்கிறது என்று கேட்கக்கூட அங்கே இடமில்லை.

மாணவர்கள் செய்து பார்க்க ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு நாளின் செய்தித்தாளில் 'படு' வரும் பத்து வாக்கியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 'யாரால்?' என்று கேளுங்கள். விடை வாக்கியத்திலேயே இருந்தால் ஒரு குறி. சொல்லாமலே புரிந்தால் இன்னொரு குறி. எங்கும் இல்லாவிட்டால் மூன்றாவது குறி இடுங்கள். பின்னர் 'ந்தது' என்று முடியும் வாக்கியங்களையும் இதேபோல் பாருங்கள். ஆங்கிலச் செய்தித்தாளிலும் 'பை' இல்லாத பேசிவ் வாக்கியங்களைத் தேடுங்கள். மூன்றாவது குறி பெற்ற வாக்கியங்களைச் செய்வினையாக மாற்ற முயலும்போது எழுவாய் இடத்தில் எழுதப் பெயர் கிடைக்காது. அந்தப் பெயரைத் தேடிப் போவதுதான் வரலாற்று ஆய்வின் தொடக்கம்.